முதல் வயலின்

வயலினில் வீணையைப் போல மெட்டுகள் இல்லை. ஆர்மோனியத்தைப் போலக் கட்டைகளும் இல்லை. சுரம் எங்கே இருக்கிறது என்பதை விரல்தான் தேடிப் பிடிக்க வேண்டும், காதுதான் சரி பார்க்க வேண்டும். அதனால் கருவியில் உள்ள குறை அப்படியே மாணவரின் குறையாகக் கேட்கிறது. கம்பியை முறுக்கும் பிருடை நழுவிச் சுருதி இறங்கிவிட்டதா, விரல் இடம் தவறி விழுந்ததா என்று பிரித்தறிய 7 வயதுக் குழந்தைக்குத் தெரியாது. தேர்ந்த வித்வான் மட்டமான வயலினையும் சமாளித்து வாசித்துவிடுவார். சமாளிக்கத் தெரியாத தொடக்க மாணவரின் கையில்தான் பெரும்பாலும் அந்த மட்டமான வயலின் கொடுக்கப்படுகிறது.

விலை குறைந்த வயலின் என்றாலே மட்டம் என்று பொருளில்லை. எங்கே காசை மிச்சப்படுத்தலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொள்ள, வயலின் எப்படி ஒலிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

வில்லில் கட்டியிருப்பது குதிரைவால் முடி, ஏறக்குறைய 150 இழைகள். அதன்மேல் பைன் மரப் பிசினிலிருந்து செய்யப்படும் ரோசினைத் தேய்ப்பார்கள். ரோசின் தூள் படிந்த முடி கம்பியைப் பற்றி இழுக்கிறது; ஓரளவுக்கு மேல் இழுபட்டதும் கம்பி விடுபட்டுத் திரும்புகிறது; உடனே மறுபடி பற்றப்படுகிறது. இந்தப் பற்றலும் விடுதலும் நொடிக்குச் சில நூறு தடவை நடப்பதைத்தான் நாம் ஒரே இழுப்பான நாதமாகக் கேட்கிறோம். ரோசின் தடவாத புது வில் கம்பியின் மேல் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். வாங்கி வந்த அன்றே "கருவி ரிப்பேர்" என்று கடைக்குத் திரும்புபவர்கள் உண்டு. பாதிக் காரணம் இந்த ரோசின்தான்.

மெல்லிய கம்பி தனியாக அதிர்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அதன் அதிர்வை மேல்பலகைக்குக் கடத்துவது பிரிட்ஜ் எனப்படும் குதிரை. மேப்பிள் மரத்தில் செதுக்கிய இந்தச் சின்னத் துண்டைப் பசை வைத்து ஒட்டுவதில்லை. கம்பிகளின் அழுத்தமே அதை நிறுத்தி வைத்திருக்கிறது. குதிரையின் ஒரு காலுக்குச் சற்றுப் பின்னால், கூட்டின் உள்ளே, சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சி மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கிறது. அதற்கும் பசை கிடையாது. பிரெஞ்சு மொழியிலும் இத்தாலிய மொழியிலும் அந்தக் குச்சிக்கு 'ஆன்மா' என்றே பெயர். அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒலி மாறுவதைக் கேட்டவர்களுக்குப் பெயரின் நியாயம் புரியும்.

இதிலிருந்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று. வயலினின் குணத்தை மரம் மட்டும் தீர்மானிப்பதில்லை; பசையில்லாமல் பொருத்தி நிறுத்திய குதிரை, போஸ்ட், பிருடை, கம்பி ஆகியவையும் தீர்மானிக்கின்றன. மரத்தை மாற்ற முடியாது. மற்ற எல்லாவற்றையும் சொற்பச் செலவில் மாற்றலாம்.

கர்நாடக சங்கீதம் கற்பவருக்கு இன்னும் சில கணக்குகள் உண்டு. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1858) ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் சென்னையில் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். இவர்கள் காலத்திலிருந்து கருவியின் உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பிடிக்கும் முறையும் சுருதியும்தான் மாறின. இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் சுருள்தலையை வலது பாதத்தின் மேல் ஊன்றி வாசிக்கிறார்கள். கருவி இரண்டு முனையிலும் தாங்கப்படுவதால் இடது கை முழுக்க விடுதலையாகி, கமகத்துக்காகக் கம்பியின் மேல் ஏறி இறங்குகிறது. எனவே தோளில் மாட்டும் ஷோல்டர் ரெஸ்ட் இவர்களுக்குத் தேவைப்படாது. விற்பவர் அதைச் சேர்த்து விலை சொன்னால் வேண்டாம் என்றே சொல்லலாம்.

மேலை முறையில் கம்பிகளை ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டுவார்கள். இங்கே ஸ-ப-ஸ-ப. சுருதி 5 கட்டை என்றால் ஜி, டி, ஜி, டி ஆகிவிடும். அதாவது மெல்லிய கம்பிகள் இரண்டும் ஒவ்வொரு முழுச்சுரம் இறங்குகின்றன. 1 கட்டை, 2 கட்டை என்று ஆண்குரல் சுருதிக்குப் போனால் நான்குமே நன்றாகத் தளரும். தளர்ந்த கம்பி அதிக அகலத்துக்கு ஆடும். விரற்பலகையில் மேடு பள்ளம் இருந்தால் இரைச்சல் எழும். சுருதியை அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பதால் பிருடைக்கும் வேலை அதிகம். மேலை இசை மாணவரின் கையில் வெளிப்படாத குறை இங்கே முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

வாங்கும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது அளவு. முழு அளவு, முக்கால், அரை, கால், அரைக்கால் என்று வயலின்கள் வருகின்றன. பெயரை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. முழு வயலினின் உடல் நீளம் ஏறக்குறைய 35.6 சென்டிமீட்டர்; முக்கால் வயலின் 33.5 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்தான். இடது கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளப்பது கடைகளின் வழக்கம். 58 சென்டிமீட்டர் இருந்தால் முழு அளவு, 56 என்றால் முக்கால், 51 என்றால் அரை, 47 என்றால் கால் என்பது பொதுவான அட்டவணை. இது நின்றுகொண்டு தோளில் வைத்து வாசிப்பவர்களுக்காகப் போட்டது. நம் குழந்தையை உட்கார வைத்து, சுருள்தலை பாதத்தில் படிகிறதா, நான்காவது விரல் கம்பியில் சிரமமில்லாமல் விழுகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வளரும் குழந்தைதானே என்று சட்டை வாங்குவது போல ஒரு அளவு கூட்டி வாங்குவது பெரிய தவறு. கை எட்டாமல் மணிக்கட்டை மடக்கி வாசிக்கப் பழகிவிட்டால், பிறகு அதை மாற்றப் பாடுபட வேண்டியிருக்கும்.

அடுத்தது மரம். முறையாகச் செய்த வயலினின் மேல்பலகை ஸ்புரூஸ், அடிப்பலகையும் பக்கங்களும் கழுத்தும் மேப்பிள், விரற்பலகை கருங்காலி. இன்று உலகச் சந்தைக்கு வரும் மலிவு வயலின்களில் பெரும்பகுதி சீனத் தயாரிப்பு. ஜியாங்சு மாகாணத்தின் ஹுவாங்சியாவோ நகரம் இதற்கே பேர்போனது. சீன வயலின் என்பதாலேயே ஒதுக்கத் தேவையில்லை. மாணவர்களுக்கென்று பெயர் பெற்ற ஸ்டென்டர் பிரிட்டிஷ் நிறுவனம். அதன் மாணவர் வயலின்களும் சீனாவில் செய்யப்படுபவையே. ஒட்டுப்பலகையில் அச்சழுத்திச் செய்ததைத்தான் தவிர்க்க வேண்டும். எஃப் வடிவத் துளையின் விளிம்பைக் கைபேசி வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்: அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை, மேலே ஓடும் மரவரி அப்படியே விளிம்பிலும் இறங்கினால் முழுமரம். பலகையின் ஓரத்தைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். அது வெறும் அலங்காரமல்ல. காடி வெட்டிப் பதித்த மெல்லிய மரப்பட்டை. ஓரத்தில் விழும் கீறல் உள்ளே பரவாமல் தடுப்பது. மலிவுக் கருவிகளில் அதை மையால் வரைந்துவிடுவார்கள். விரற்பலகைக்கும் அப்படியே கறுப்புச் சாயம் பூசுவதுண்டு. சில மாதங்களில் விரல் பட்ட இடம் வெளுத்து, அடியில் வேறு மரம் தலைகாட்டும்.

துளை வழியே எட்டிப் பார்க்கும்போது உள்ளே 'ஸ்ட்ராடிவேரியஸ்' என்று சீட்டு ஒட்டியிருந்தால் மயங்க வேண்டாம். 1737இல் கிரெமோனாவில் மறைந்த அந்த மேதையின் வயலின்களில் இன்று எஞ்சியவை சுமார் 500. அவர் பெயர் அச்சிட்ட சீட்டுகளோ ஜெர்மானிய, பிரெஞ்சுப் பட்டறைகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டு முதலே லட்சக்கணக்கில் வெளிவந்தன. பரணில் கிடைத்த தாத்தா காலத்து வயலின் நல்ல கருவியாக இருக்கலாம். சீட்டை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

இனி பொருத்தம். கடையில் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பிருடைகளை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். கடகடவென்று துள்ளாமல், நழுவாமல், நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பிருடையை உருவச் சொன்னால், அது துளைகளில் உரசிய இடத்தில் இரண்டு பளபளப்பான வளையங்கள் தெரியும். ஒரே வளையம்தான் என்றால் ஒரு பக்கம்தான் பிடிக்கிறது. அந்தப் பிருடை சுருதியை நிறுத்தாது. கம்பி கட்டிய முனையில், அதாவது டெயில்பீஸில், நான்கு கம்பிகளுக்கும் உள்ளமைந்த ஃபைன் டியூனர்கள் இருப்பது தொடக்க மாணவருக்கு நல்லது. பிருடையைத் திருகிக் கம்பியை அறுத்துக்கொள்ளாமல், சின்னத் திருகாணியால் சுருதி சேர்க்கலாம்.

குதிரை இரண்டு எஃப் துளைகளின் உள்பக்க வெட்டுகளுக்கு நேராக நிற்க வேண்டும். அதன் இரு பாதங்களும் மேல்பலகையின் வளைவோடு ஒட்டிப் படிய வேண்டும். நடுவே தாள் நுழையும் இடைவெளி இருந்தால் அது செதுக்காமல் அப்படியே தூக்கி வைத்த குதிரை. விரற்பலகை முடியும் இடத்தில் பலகைக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி மெல்லிய கம்பிக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர், தடித்த கம்பிக்கு 5 முதல் 5.5 மில்லிமீட்டர் அளவில் இருப்பது வழக்கம். தொழிற்சாலைக் கருவிகளில் இது பல சமயம் இரட்டிப்பாகவே இருக்கும். அதில் விரல் வைத்து அழுத்தினால் குழந்தைக்கு வலிக்கும். கமகம் பிடிப்பது அதைவிடக் கடினம். குதிரையின் மேல்வளைவு தட்டையாக இருந்தால் ஒரு கம்பியை வாசிக்கும்போது வில் பக்கத்துக் கம்பியையும் தொடும். கருவியை மெல்லக் குலுக்கும்போது உள்ளே குச்சி உருண்டால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது என்று பொருள்; அதை நிமிர்த்தாமல் கம்பியை முறுக்கினால் மேல்பலகை பிளந்துவிடும் அபாயம் உண்டு.

இந்தக் குறைகள் எதற்காகவும் நல்ல மரத்தில் செய்த கருவியை நிராகரிக்க வேண்டியதில்லை. வயலின் வேலை தெரிந்த ஒருவர் குதிரையைச் செதுக்கி, பிருடையைப் பொருத்தி, போஸ்ட்டை நிறுத்த அரை நாள் போதும். ஊரில் அப்படி யார் இருக்கிறார் என்பது வயலின் ஆசிரியருக்குத் தெரியும். கடைக்கு அவரையே அழைத்துப் போக முடிந்தால் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மலிவு வயலினோடு வரும் கம்பிகளைப் பெரும்பாலும் கழற்றிவிடுவதே நல்லது. உலோக உள்ளீடுள்ள கம்பி விலை குறைவு, சுருதியில் சீக்கிரம் நிலைக்கும். டாடாரியோ பிரிலூட் இந்த வகை. வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனம் 1970இல் கொண்டுவந்த டாமினன்ட் போன்ற செயற்கை இழைக் கம்பிகள் மென்மையாக ஒலிக்கும். விலை கூடுதல், நிலைக்கச் சில நாள் பிடிக்கும். முதல் ஆண்டுக்கு முதல் வகை போதும். முக்கால், அரை வயலின்களுக்கு அவற்றுக்கேற்ற நீளக் கம்பி கேட்டு வாங்க வேண்டும்.

வில்லை நுனியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் குச்சி இடமோ வலமோ கோணாமல் ஓட வேண்டும். முறுக்கிய பிறகும் அது நடுவில் முடியை நோக்கி உள்வாங்கியே இருக்க வேண்டும். நேராகிவிட்டால் குச்சியில் உரம் இல்லை. வித்வான்கள் விரும்பும் பெர்னம்புகோ, பிரேசில் நாட்டுக்கே பெயர் தந்த மரம். அழிவின் விளிம்புக்கு வந்ததால் அதன் வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. மாணவருக்குக் கார்பன் இழை வில் தாராளமாகப் போதும். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் அது கோணாது. மிக மலிவான வில்களில் குதிரைமுடிக்குப் பதில் நைலான் இழை இருப்பதுண்டு. அதில் ரோசின் சரியாகப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி, கம்பியில் படிந்த ரோசின் தூளைப் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வயலினை விடக்கூடாது. பலகைகளை ஒட்டிய விலங்குப் பசை சூட்டில் இளகும். கடலோர ஊர்களின் ஈரத்திலும் பலகை விளிம்பு விட்டுக்கொள்வது உண்டு. அது கோளாறு அல்ல: மரம் பிளப்பதற்கு முன் பசை விடட்டும் என்றே அந்தப் பசையைப் பயன்படுத்துகிறார்கள், மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். பிருடையைத் திருகத் திருகக் குதிரை விரற்பலகைப் பக்கம் சாயும். வாரம் ஒருமுறை பார்த்து, இரு கைகளாலும் பிடித்து நிமிர்த்திவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் டப்பென்று விழும்.

கையில் 10,000 ரூபாய் இருந்தால் அத்தனையையும் வயலினுக்கே கொடுத்துவிடக் கூடாது. 7,000 ரூபாய்க்குள் முழுமரக் கருவி ஒன்றைப் பிடித்து, மீதி 3,000 ரூபாயைக் குதிரைக்கும் பிருடைக்கும் கம்பிக்கும் ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.