மென்பொருள் குடும்பம்

மென்பொருள் குடும்பம் என்பது பொதுவான அடித்தளத்தின் மேல் அமைந்து, பயன்படுத்துவோரின் தேவைக்கேற்பச் சில கூறுகளில் மட்டும் வேறுபடும் மென்பொருள்களின் தொகுதி ஆகும். எவை பொது, எவை மாறக்கூடியவை என முன்னரே வகுத்துப் பேணுவது இதன் அடிப்படை. இக்கருத்தை டேவிட் பார்னாஸ் 1976-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கினார்.

எடுத்துக்காட்டு

குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதிக்கும் தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்கும் ஒருவரே பில் போடும் மென்பொருள் செய்து தருவதாகக் கொள்வோம். வரிக் கணக்கீடு, பில் அச்சிடுதல், அன்றாட வரவு ஆகியவை இரண்டுக்கும் பொது. அறை முன்பதிவு விடுதிக்கு மட்டும் தேவை. காலாவதித் தேதியைச் சரிபார்ப்பது மருந்துக்கடைக்கு மட்டும் தேவை.

முதல் நிரலைப் படியெடுத்துத் திருத்தி இரண்டாவதைச் செய்வது எளிதாகத் தோன்றும். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் ரூ. 7,500 வரை நாள்வாடகை உள்ள அறைகளுக்கும் பெரும்பாலான மருந்துகளுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. தனித்தனிப் படிகளாக இருந்தால் ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். ஒன்று விடுபட்டாலும் வாடிக்கையாளரிடம் கூடுதல் வரி வாங்கப்படும். வரிக் கணக்கீடு ஒரே பொதுப் பகுதியாக இருந்தால், ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

கூறு மரம்

கூறுகளை மர வடிவில் வரையும் முறையை 1990-இல் கியோ காங் குழுவினர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் வெளியிட்டனர். அதில் கட்டாயக் கூறு, விருப்பக் கூறு, பலவற்றுள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் கூறு என்ற பிரிவுகள் உண்டு. ‘இணையவழி முன்பணம் வேண்டுமானால் முன்பதிவும் இருக்க வேண்டும்’ என்பது போன்ற விதிகளும் சேர்க்கப்படும். ஒன்றையொன்று சாராத 10 விருப்பக் கூறுகள் இருந்தாலே 1,024 சேர்க்கைகள் உருவாகும். அனைத்தையும் சோதிப்பது கடினம் என்பதால் பொருந்தாதவற்றை விதிகள் முன்பே விலக்குகின்றன.

தென்காசியில்

தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. 2016-இல் வெளியான ‘ஜோஹோ டெஸ்க்’ என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் தென்காசியில் உருவானது. கட்டணத்துக்கேற்ப வெவ்வேறு வசதிகளுடன் பல பதிப்புகளாக அது கிடைக்கிறது. ஒரே மென்பொருள் பல வடிவங்களில் வழங்கப்படுவதற்கு இது அருகிலுள்ள சான்று.

கவனிக்க வேண்டியது

பொதுப் பகுதியில் உள்ள பிழை குடும்பம் முழுவதையும் பாதிக்கும். 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ஏவூர்தி புறப்பட்ட சுமார் 40 விநாடிகளில் சிதறியது. ஏரியன் 4-இல் சரியாக இயங்கிய நிரல், புதிய ஏவூர்தியின் வேகத்துக்கு ஏற்றதா எனச் சோதிக்கப்படாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது. அதிக வேகத்தைக் குறித்த எண், அதற்கு ஒதுக்கிய 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. எனவே ஒரு பகுதியைப் பொது எனக் கொள்ளும்போது, அது எந்தச் சூழல்வரை பொருந்தும் என்பதையும் சேர்த்துக் குறித்து வைப்பது இன்றியமையாதது.