பறக்கிறவனுக்கும் பங்கு உண்டு

361! வட்டத்துக்கு 360 பாகைதானே? ஆனால் 2001இல் வந்த ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ விளையாட்டின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தால், பல அடிகளுக்குத் திசை என்று எழுதியிருப்பது இந்த எண்தான். ரசிகர்கள் இதைத் தோண்டியெடுத்து, இயக்குநர் மசாஹிரோ சாகுராயின் பெயரையே சூட்டிவிட்டார்கள். அது திசையே இல்லை. ‘நிலைமையைப் பார்த்து முடிவு பண்ணு’ என்று கேமுக்கு இட்ட கட்டளை!

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் திருத்தணி வீட்டில் நகரி, சித்தூர்ச் சொந்தமெல்லாம் வந்து இறங்கும். தெருவில் காவடி, திண்ணையில் பிள்ளைகள் கைபேசியில் ‘பிரால்ஹல்லா’. அதுவும் எதிரியை மேடைக்கு வெளியே பறக்கவிடும் ஆட்டம்தான். “அத்தை, முதல்ல இதே அடிக்கு இவன் லேசாத்தான் நகர்ந்தான். இப்ப மட்டும் ஏன் பறக்கறான்?” என்றான் நகரிப் பையன். இந்தக் கேள்விக்காகத்தானே காத்திருந்தேன்!

ரசிகர்கள் அக்கக்காகப் பிரித்து வைத்திருப்பது மெலீயை. அதனால் அதையே திறந்து காட்டினேன். இங்கே உயிர் குறைவதில்லை, வாங்கிய அடி சதவீதமாக ஏறிக்கொண்டே போகும். ஏற ஏறத் தள்ளும் விசையும் ஏறும். சினிமா வில்லன் கயிற்றில் பறக்கிற மாதிரி வெறும் காட்சி என்று நினைப்போம். இல்லவே இல்லை, அத்தனையும் கூட்டல் பெருக்கல்!

தனியாகக் கூடுதல் விசை எதுவும் வைக்காத, 10 புள்ளி அடி ஒன்று. வாங்குபவர் மரியோ, எடை 100. அடி விழுந்ததும் சதவீதம் 10 என்று நின்றால் விசை சுமார் 26. அதுவே 110 என்று நின்றால் விசையும் 110! அதே சதவீதத்தில், எடை 60தான் உள்ள ஜிக்லிபஃபுக்கு 133. 117 எடையுள்ள பவ்சருக்கு 103. இப்போது அந்த 361க்கு வாருங்கள். தரையில் நிற்பவனுக்கு விசை 32ஐத் தாண்டாவிட்டால் தரையோடு தரையாகச் சறுக்கல். தாண்டினால் 44 பாகையில் மேலே!

எனக்கு உயிரான இடம் இதற்குப் பிறகுதான். அடி பட்ட நொடியில் இருவருமே உறைந்து நிற்பார்கள். நம் 10 புள்ளி அடிக்கு 6 ஃபிரேம், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்த உறைவு முடியும் கணத்தில் அடி வாங்கியவன் ஸ்டிக்கை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறான் என்று கேம் பார்க்கிறது. சரியாகச் சாய்த்திருந்தால் பாதை 18 பாகை வரை வளையும். சாக வேண்டியவன் பிழைத்துக்கொள்வான்!

விசை 80ஐ எட்டினால்தான் உருளல். அதற்குக் கீழே தள்ளாடிவிட்டுச் சுதாரித்துக்கொள்வான். எட்டினால் தலைகீழாகச் சுழல்வான். விசை 110 என்றால் 44 ஃபிரேம், கிட்டத்தட்ட முக்கால் நொடி, கை கால் அசைக்க முடியாது. பிறகும் உருளல் நிற்காது, ஆனால் குதிக்கலாம், அடிக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் தொப்பென்று தரையில் விழ வேண்டியதுதான்.

அங்கேயும் ஒரு வழி இருக்கிறது. தரையைத் தொடுவதற்கு முந்தைய 20 ஃபிரேமுக்குள் கேடயப் பட்டனைத் தட்டினால் சட்டென்று எழலாம், இடமோ வலமோ புரண்டு தப்பலாம். பதறி முன்கூட்டியே அழுத்தினால் 40 ஃபிரேம் வரை மறுபடி அழுத்துவது செல்லாது. பட்டனை நசுக்கிக்கொண்டே இருப்பவன் மல்லாந்து கிடப்பான். தரை வரும் நேரம் பார்த்து ஒரே ஒரு தட்டு தட்டியவன், எதிரி ஓடி வருவதற்குள் எழுந்து நிற்பான்!