ஓதம் அறிந்து ஓட்டும் படகு

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த ஜூரா தீவின் வடமுனையில் ஒரு சிறு படகு சுழல் நீரில் சிக்கித் தத்தளித்தது. படகில் நால்வர் இருந்தனர்: எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அவருடைய மூன்று வயது மகன், தமக்கையின் மகன், மகள். தீவின் மேற்குக் கரையில் ஆளரவமற்ற ஓரிடத்தில் சில நாள் தங்கிவிட்டு வீடு திரும்பிக் கொண்டிருந்தார்கள். படகின் பின்புறம் மாட்டியிருந்த மோட்டார் கழன்று கடலில் விழுந்தது. துடுப்பு வலித்து ஒரு பாறைத் திட்டை அடைந்து இறங்கும்போது படகும் கவிழ்ந்தது. நல்லவேளையாக எல்லோரும் உயிர் தப்பினர். சில மணி நேரம் திட்டிலே கிடந்த பிறகு, சிங்கி இறால் பிடிக்க வந்த மீனவர்கள் அவர்களைக் கண்டு மீட்டனர். ஆர்வெல் அப்போது எழுதிக் கொண்டிருந்த ‘1984’ என்னும் நாவல் 1949இல் வெளிவந்தது. அன்று அவர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். ஓத அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டார்.

அதே கடலில் இன்று ஒவ்வொரு கோடையிலும் சிறு சிறு குழுக்கள் மோட்டாரும் பாயும் இல்லாத கயாக் படகுகளில் பயணம் போகின்றன. முன்னே ஒரு வழிகாட்டி. பின்னே ஐந்தாறு பேர். பகலில் கரையோரமாகத் துடுப்பு வலிப்பதும், இரவில் மனித வாசமற்ற குடாக்களில் கூடாரம் அடித்துத் தங்குவதுமாக நான்கைந்து நாள் கழியும். வருபவர்களில் பலர் கடலுக்குப் புதியவர்கள். மோட்டார்ப் படகையே கவிழ்த்த கடலில் இவர்கள் எப்படிப் போய்த் திரும்புகிறார்கள்? தோள் வலிமையால் அன்று. வழிகாட்டி போடும் கணக்கினால்தான். அந்தக் கணக்கைச் சற்று விரிவாகக் காண்போம்.

உடலோடு ஒட்டிய படகு

முதலில் படகு. கயாக் என்பது கிரீன்லாந்து, வட அமெரிக்கா ஆகிய பகுதிகளின் பனிக்கடலோர மக்கள் சீல் வேட்டைக்கு அமைத்துக் கொண்ட படகு. கடல் ஒதுக்கிய மரத்துண்டுகளால் சட்டம் கட்டி, சீல் தோலை இழுத்துத் தைத்திருப்பார்கள். மேற்புறம் முழுவதும் மூடியிருக்கும். ஆள் உட்கார ஒரே ஒரு துளை. வேட்டைக்காரன் தன் தோற்சட்டையின் விளிம்பை அந்தத் துளையைச் சுற்றி இறுகக் கட்டிவிட்டால் ஆளும் படகும் ஒன்றாகிவிடும். அலை தலைக்கு மேல் போனாலும் உள்ளே நீர் புகாது. கவிழ்ந்தாலும், துடுப்பை நீரின் மேல் வீசி இடுப்பைத் திருப்பினால் மறுபடி நிமிர்ந்து விடலாம். அந்த மக்கள் அல்லாதாரில் இந்த வித்தையை முதலில் கற்றவர் ஆஸ்திரியாவின் ஹான்ஸ் பாவ்லாட்டா, ஆண்டு 1927.

ஸ்காட்லாந்துக்கும் இந்தப் படகுக்கும் நேரான உறவு ஒன்று உண்டு. 1959இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக மாணவர் கென்னத் டெய்லர் மேற்குக் கிரீன்லாந்தின் இல்லோர்சூட் என்ற சிற்றூருக்குப் போய், அங்கே தமக்கெனச் செய்யப்பட்ட ஒரு கயாக்குடன் ஊர் திரும்பினார். அதன் வடிவத்தை ஒட்டியே பின்னர் ‘அனாஸ் அக்யூட்டா’ என்ற கண்ணாடியிழைக் கயாக் பிறந்தது. இன்றைய கடற்கயாக்குகள் பலவற்றுக்கு அதுவே பாட்டி எனலாம்.

இன்றைய படகு ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 55 முதல் 60 செ.மீ. அகலம். முன்னும் பின்னும் தடுப்புச் சுவர் வைத்து நீர் புகாத அறைகள் அமைத்திருப்பார்கள். கூடாரம், அடுப்பு, அரிசி, மாற்றுத் துணி எல்லாம் அவற்றுக்குள் அடங்கும். கனமான பொருளை அடியிலும் நடுவிலும் வைக்க வேண்டும். அப்போது ஈர்ப்பு மையம் தாழ்ந்து ஆட்டம் குறையும். சுமை ஏற்றிய கயாக் வெற்றுக் கயாக்கைவிட நிலையாக நிற்பதைக் கண்டு புதியவர்கள் வியப்பார்கள்.

வேகந்தான் இதன் குறை. நாள் முழுதும் களைப்பின்றி வலிக்கக் கூடிய வேகம் மணிக்கு 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர். இந்த ‘மூன்று’ என்ற எண்ணை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் இதைச் சுற்றியே வரும்.

நீர் எப்போது ஓடும்?

சென்னைக் கடற்கரையில் கடலின் ஏற்றவற்றம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு உட்பட்டதே. ஆகவே நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஸ்காட்லாந்தின் ஓபன் துறைமுகத்தில் அது 3 மீட்டரைத் தாண்டும். சந்திரனும் சூரியனும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை அடுத்து வருவது பேரோதம். இருவர் இழுப்பும் குறுக்கிடும் அரைநிலவுக் காலத்தில் வருவது சிற்றோதம். ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே 12 மணி 25 நிமிடம்.

ஏறும் நீர் ஒரே சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் இதற்கு ஓர் எளிய வாய்பாடு வைத்திருக்கிறார்கள். மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், ஆறு மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். ஏற்றம் 3.6 மீட்டர் என்றால் முதல் மணியில் 30 செ.மீ., இரண்டாவதில் 60, மூன்றிலும் நான்கிலும் 90, பிறகு 60, கடைசியில் 30. பாதி நீர் நடு இரண்டு மணி நேரத்திலேயே வந்து விடுகிறது! நீரோட்டமும் பொதுவாக அப்போதே உச்சத்தில் இருக்கும். இந்த வாய்பாடு எல்லாக் கரைக்கும் பொருந்தாது. ஆயினும் கடலின் குணத்தைப் புரிந்து கொள்ள இது போதும்.

நீரோட்டம் மணிக்கு 2 கடல் மைல் என்று வைத்துக் கொள்வோம். அதனுடன் சேர்ந்து போனால் 3+2=5; எதிர்த்துப் போனால் 3-2=1. காலையில் ஒரு மணி நேரத்தில் போன தொலைவைத் தவறான நேரத்தில் திரும்பி வர ஐந்து மணி நேரம் ஆகும். நீரோட்டம் 3 ஆகிவிட்டால் வலித்துக் கொண்டே ஒரே இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

குறுக்கே கடப்பது இன்னும் சுவையான கணக்கு. அகலம் 3 கடல் மைல், குறுக்கு நீரோட்டம் 2 என்க. மூக்கை நேரே எதிர்க்கரைக்கு வைத்து ஒரு மணி நேரம் வலித்தால், கரை சேரும் இடம் இலக்கிலிருந்து 2 மைல் தள்ளி இருக்கும். ஆகவே படகை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சைன் மதிப்பு 2/3 ஆன கோணம், ஏறத்தாழ 42 பாகை. அப்போது குறுக்கே போகும் வேகம் √(9-4), அதாவது 2.24. கடக்கும் நேரம் 1 மணி 20 நிமிடம். மாணவர்கள் திசையன் முக்கோணம் வரைந்து பார்க்கலாம்.

கடலில் கோணமானி ஏது? வழிகாட்டி எதிர்க்கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னே ஒரு மலை முகட்டையும் ஒரே கோட்டில் பார்த்துக் கொள்வார். இரண்டும் ஒன்றன் முன் ஒன்றாகவே தெரிந்தால் படகு இலக்கு நோக்கி நேராகப் போகிறது. பாறை வலப்புறம் விலகுவதுபோல் தெரிந்தால் படகு இடப்புறம் அடித்துச் செல்லப்படுகிறது என்று பொருள். கருவி எதுவும் வேண்டாத இந்தக் குறி எனக்கு மிகவும் பிடித்தமானது.

காரிவ்ரெக்கன்

ஆர்வெல் சிக்கிய இடத்தின் பெயர் காரிவ்ரெக்கன் வாய்க்கால். வடக்கே ஸ்கார்பா தீவு, தெற்கே ஜூரா. இடையே ஒரு கிலோமீட்டர் அளவுள்ள நீர்வழி. கிழக்கே இருக்கும் ஜூரா நீரிணை வடக்கு நோக்கிப் போகப் போகக் குறுகுகிறது. பெருக்கு நீர் தெற்கிலிருந்து அதற்குள் ஏறும்போது போக்கிடம் இன்றி அங்கே குவிகிறது. மேற்கே திறந்த அட்லாண்டிக்கில் நீர் மட்டம் அதே நேரத்தில் அதே உயரத்தில் இருப்பதில்லை. இரண்டு தொட்டிகளை ஒரு குழாயால் இணைத்தாற்போல உயர்ந்த பக்கத்து நீர் வாய்க்கால் வழியே மேற்கே பாய்கிறது.

எவ்வளவு வேகமாகப் பாயும்? இருபுறத்து மட்டமும் ஒரு மீட்டர் வேறுபட்டால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், வேகத்தின் வர்க்கம் 2×9.8×1=19.6. வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 8.6 கடல் மைல். கடற்பயண நூல்கள் இங்கே பேரோத காலத்துக்குக் குறிப்பிடும் உச்ச வேகம் 8.5! நம் ‘மூன்று’ இதன் முன் எம்மாத்திரம்?

நீருக்கு அடியில் இன்னொரு சங்கதி. தரை 200 மீட்டருக்கு மேல் ஆழமாக இறங்கும் இடத்தின் அருகே ஒரு பாறைத்தூண் நீர்ப்பரப்புக்கு 30 மீட்டர் அடி வரை எழுந்து நிற்கிறது. ஓடும் நீர் அதில் மோதி மேலே பீறிட்டுச் சுழல்களாகப் பிரிகிறது. மேலைக் காற்று பலமாக வீசும் நாளில் அட்லாண்டிக் அலைகள் இந்த ஓட்டத்தை எதிர்த்து வரும். எதிர் நீரோட்டத்தில் அலையின் நீளம் குறுகும், உயரம் கூடும், செங்குத்தாகி உடையும். இரைச்சல் பல மைல் தொலைவுக்குக் கேட்கும் என்பார்கள்.

ஆனால் இதே வாய்க்காலில் ஓட்டம் திசை மாறும் இடைவேளையில் நீர் சிறிது நேரம் அடங்கிக் கிடக்கும். சிற்றோத நாளில், காற்று ஓய்ந்திருக்கையில், அந்த இடைவேளையைப் பிடித்தால் புதியவர்கள்கூடக் கடந்துவிடலாம். அட்டவணையை ஒரு மணி நேரம் தவறிப் படித்தால் என்ன ஆகும் என்பதை ஆர்வெல் காட்டிவிட்டார். ஐயம் இருந்தால் வழிகாட்டி அந்தப் பக்கமே போவதில்லை. ஜூராவின் நடுவில் டார்பர்ட் என்ற இடத்தில் கடல் உள்ளே புகுந்து தீவை ஏறக்குறைய இரண்டாகத் துண்டித்திருக்கிறது. எஞ்சிய நிலம் ஒரு மைல் அளவே. படகுகளைச் சிறு சக்கரங்களில் ஏற்றி அதன் குறுக்கே இழுத்துச் சென்று மேற்குக் கரையில் இறக்கிவிடுவார்கள். டார்பர்ட் என்ற கேலிக் சொல்லே இவ்வாறு படகை இழுத்துக் கடக்கும் நிலக்கழுத்தைக் குறிப்பதுதான்.

குளிர் என்ற எதிரி

இந்தக் கடலின் வெப்பநிலை கோடையிலும் 13, 14 பாகை செல்சியஸ்தான். குளிர்காலக் கடைசியில் 7, 8க்கு இறங்கும். அதே வெப்பநிலையிலுள்ள காற்றைக் காட்டிலும் நீர் உடல் வெப்பத்தை ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகக் கடத்துகிறது. ஆயினும் விழுந்தவரை முதலில் கொல்வது உடல் குளிர்ந்து போவதன்று. திடீர்க் குளிர் பட்டதும் நம்மை அறியாமல் பெருமூச்சு இழுக்கிறோம். அந்த மூச்சில் நீரும் உள்ளே போகிறது. கனடாவின் கீஸ்பிரெக்ட் என்ற உடலியல் அறிஞர் கடுங்குளிர் நீருக்கு 1-10-1 என்று ஒரு குறிப்புச் சொல்கிறார். மூச்சை அடக்கிக் கொள்ள 1 நிமிடம். கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம். நினைவு தப்ப 1 மணி நேரம். மிதவைச் சட்டை அணியாதவருக்கு அந்த முதல் நிமிடமே கடைசி நிமிடமாகிவிடலாம்.

ஆகையால்தான் வழிகாட்டி முதல் நாளே எல்லோரையும் ஆழமில்லாத இடத்தில் வேண்டுமென்றே கவிழச் செய்கிறார். கவிழ்ந்தவர் தன் படகைப் பற்றிக் கொள்ள, இன்னொருவர் அதன் மூக்கைத் தன் படகின் மேல் தூக்கி நீரை வடித்து, நிமிர்த்தி, பிடித்துக் கொள்வார்; விழுந்தவர் ஏறி உட்காருவார். பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. ஆனால் இதற்கு இரண்டாவது படகு வேண்டும். கிரீன்லாந்தில் கயாக் வித்தையில் தேர்ந்த ஆங்கிலேய ஆய்வாளர் ஜினோ வாட்கின்ஸ் 1932 ஆகஸ்டில் தனியே சீல் வேட்டைக்குப் போனார். வெற்றுப் படகு மட்டும் மிதந்து கொண்டிருந்தது; அவர் உடல் கிடைக்கவே இல்லை. வயது 25.

கரையில் ஓர் இரவு

ஜூராவின் மேற்குக் கரையில் ஊர் எதுவும் இல்லை. தீவு முழுதும் சேர்த்தே இருநூறு பேருக்குச் சற்றுக் கூடுதல். மான்களோ பல ஆயிரம். மணற்கரையை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே வேறொன்றைக் காண்பார்கள். கடலுக்கு மேலே, சில இடங்களில் 30 மீட்டருக்கும் உயரத்தில், உருண்டு தேய்ந்த வெள்ளைக் கூழாங்கற்கள் நேற்றுத்தான் அலை வந்து போனதுபோல் வரிவரியாகக் கிடக்கும். பனியுகத்தில் பெரும் பனிப்பாளம் இந்த நிலத்தை அழுத்தி வைத்திருந்தது. பனி உருகிச் சுமை நீங்கியதும் நிலம் மெல்ல மெல்ல உயர்ந்தது. அன்றைய கடற்கரையும் அதனுடன் மேலே போய்விட்டது. அந்தக் கற்களை வாரி அடுப்புக் கூட்டுவது சரியன்று என்று வழிகாட்டிகள் கண்டிப்பாகச் சொல்வார்கள்.

யார் நிலமாயினும் கூடாரம் அடிக்கலாமா? ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்து கொள்ளும் எவருக்கும், வீட்டு முற்றம், பயிர் நிலம் முதலியன நீங்கலாக, அந்த உரிமையைத் தருகிறது. வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும். குப்பை திரும்பப் படகில் ஏறும். ஓடை நீர் கண்ணாடிபோல் இருந்தாலும் மேலே மான்கள் மேய்வதால் கொதிக்க வைத்தே குடிப்பது நல்லது. காற்று ஓய்ந்த மாலையில் கண்ணுக்குத் தெரியாத சிறு கொசுக்கள் மொய்த்துவிடும். புயலைத் தாங்கியவர்கள்கூட இவற்றுக்குத் தோற்றதுண்டு.

கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போதும் கணக்குதான். முந்தைய பெருக்கு ஒதுக்கிய பாசி வரிசை எங்கே என்று முதலில் தேடுவார் வழிகாட்டி. அரைநிலவு தேய்ந்து அமாவாசையை நோக்கிப் போகிற வாரமானால், ஒவ்வொரு நாளும் நீர் அந்த வரிசையைத் தாண்டி மேலே வரும் என்பது அவருக்குத் தெரியும். படகுகளைப் புல்தரை வரை தூக்கி வைத்து, ஒன்றோடொன்று கட்டி, கயிற்றைப் பாறையில் மாட்டுவார்கள். பிறகு கூடாரத்துக்குள் கைவிளக்கொளியில் ஓத அட்டவணையைப் பிரித்து, வரைபட உறையின் மேல் மெழுகுப் பென்சிலால் நாளைய நேரத்தைக் குறித்துக் கொள்வார். இன்று காலை 6-10க்குத் திரும்பிய நீரோட்டம் நாளை ஏறத்தாழ 7 மணிக்குத் திரும்பும். எழுப்ப வேண்டிய நேரம் 5.