தேர்வே இல்லாத ஒரு கேம்: 'ஹிகுராஷி' எப்படிப் பிறந்தது?

2025 செப்டம்பரில் வெளியான 'சைலன்ட் ஹில் எஃப்' விளையாடியிருக்கிறீர்களா? இல்லை, யாராவது அலறிக்கொண்டே அதை விளையாடும் காணொளியையாவது பார்த்திருக்கிறீர்களா?

1960களின் ஜப்பானியச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் அந்தக் கதையை எழுதியவர் ரியுக்கிஷி07. பெயரில் எண்ணா? ஆமாம், அது புனைபெயர்.

கொனாமி போன்ற பெரிய நிறுவனம் கதை கேட்டுப் போன அந்த மனிதர், ஒரு காலத்தில் சாதாரண அரசாங்க ஊழியர். வேலை போக மிச்சமிருந்த நேரத்தில் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் உருவாக்கிய விஷுவல் நாவல்தான் 'ஹிகுராஷி நோ நாக்கு கொரோ நி'. 'சில்வண்டுகள் அழும் வேளையில்' என்று தமிழில் சொல்லலாம்.

விஷுவல் நாவல்னா என்ன?

திரையில் ஒரு பின்னணிப் படம். அதன்மேல் கதாபாத்திரங்கள். எழுத்து வரிவரியாக வரும், கூடவே இசையும் ஒலியும். நீங்கள் பொத்தானை அழுத்தி அழுத்திப் படிக்க வேண்டும்.

ஜப்பானின் சுன்சாஃப்ட் நிறுவனம் 1992இல் 'ஒத்தொகிரிசோ', 1994இல் 'கமாய்தாச்சி நோ யோரு' ஆகியவற்றை வெளியிட்டு இந்த வகையைப் பிரபலப்படுத்தியது. அவற்றில் இடையிடையே கேள்வி வரும். கதவைத் திறப்பீர்களா, ஓடிவிடுவீர்களா? உங்கள் பதிலைப் பொறுத்துக் கதை கிளை பிரியும்.

ஹிகுராஷியில் அந்தக் கேள்வியே வராது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பாதை.

கதை எதைப் பற்றியது?

1983 ஜூன் மாதம். நகரத்திலிருந்து கெய்ச்சி என்ற பையன் ஹினாமிசாவா என்ற மலைக் கிராமத்துக்குக் குடிவருகிறான். 2,000 பேர்கூட இல்லாத ஊர். பள்ளியில் நல்ல நண்பர்கள், நாள் முழுக்கக் கும்மாளம்.

பிறகுதான் அவனுக்கு ஒன்று தெரியவருகிறது. ஆண்டுதோறும் ஊர்த் திருவிழா இரவில் ஒருவர் இறக்கிறார், இன்னொருவர் காணாமல் போகிறார். கிராமத்தையே மூழ்கடிக்க இருந்த அணைத் திட்டத்தை எதிர்த்து ஊரார் போராடிய காலத்தில் தொடங்கியது அது. தெய்வத்தின் சாபமா? மனிதர்களின் சதியா? நண்பர்கள் ஏன் எதையோ மறைக்கிறார்கள்?

அந்தக் கிராமம் கற்பனை. ஆனால் அதன் தோற்றத்துக்கு மாதிரியாக இருந்த ஊர் உண்மையானது. கூரை வேய்ந்த பழைய வீடுகளுக்காக யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் உள்ள ஷிரகாவா-கோதான் அது.

யார், எப்படிச் செய்தார்கள்?

குழுவின் பெயர் 07த் எக்ஸ்பேன்ஷன். முதலில் அவர்கள் ரசிகர்களாக இருந்து, ஒரு சீட்டு விளையாட்டுக்குத் தாங்களே புதிய அட்டைகள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 

ஹிகுராஷியின் கதைக்கு விதை, ரியுக்கிஷி07 அதற்கு முன்பே எழுதிவைத்திருந்த ஒரு மேடை நாடகம். கேமுக்குக் கதை எழுதியதும் அவர்தான், படம் வரைந்ததும் அவர்தான். நிரல் வேலையைப் பார்த்துக்கொண்டது தம்பி. பின்னணிக்கு நிழற்படங்களை எடுத்துக் கணினியில் மாற்றினார்கள். இசைக்கு, இலவசமாகக் கிடைத்தவற்றைப் பயன்படுத்தினார்கள்.

ஓவியம்? உண்மையைச் சொன்னால், கதாபாத்திரங்களின் கைகள் கையுறை போட்ட மாதிரி பெரிசா இருக்கும். இன்றுவரை ரசிகர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் அந்த அப்பாவி முகங்கள் சட்டென்று மாறும்போது பயம் இரட்டிப்பாகும்.

ஒரே நாளில் வெளிவந்ததா?

இல்லை. தோக்கியோவில் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் 'கொமிக்கெட்' சந்தை கூடும். சொந்தமாகத் தயாரித்த புத்தகங்களையும் கேம்களையும் ரசிகர்கள் மேசை போட்டு விற்கும் இடம். 2002 ஆகஸ்டில் முதல் பகுதி அங்கு விற்பனைக்கு வந்தது. பெரிய வரவேற்பு இல்லை.

குழு மனம் தளரவில்லை. முதல் பகுதியை இணையத்தில் இலவசமாகவே பதிவிறக்கம் செய்யக் கொடுத்தது. படித்தவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். அப்படியே பரவியது.

2006 ஆகஸ்டில் எட்டாவது, கடைசிப் பகுதி வந்தது. நான்கு ஆண்டுகள், எட்டுப் பகுதிகள். முதல் நான்கு கேள்விகளை எழுப்பும், அடுத்த நான்கு பதில்களைத் தரும். கடைசிப் பகுதி வருவதற்குள் தொலைக்காட்சியில் அனிமேவும் வந்துவிட்டது.

தேர்வே இல்லைன்னா அது கேமா?

நியாயமான கேள்வி. பதில் அந்தக் காத்திருப்பில் இருக்கிறது.

ஒவ்வொரு பகுதியும் புதிரை அவிழ்க்காமலே முடியும். அடுத்தது வரக் குறைந்தது சில மாதங்கள். அதற்குள் வாசகர்கள் துப்புகளை அடுக்கி, யார் குற்றவாளி, எது பொய் என்று இணையத்தில் வாதம் செய்தார்கள். கதை முடிந்ததும் கதாபாத்திரங்களே கூடி உட்கார்ந்து, நடந்ததை அலசும் காட்சிகூட உண்டு. கேம் திரையில் நடக்கவில்லை, படிப்பவர்களின் தலைக்குள் நடந்தது.

யாருக்கு ஏற்றதல்ல?

ஹிகுராஷியில் வன்முறை அதிகம். சிறார் வதையும் கதையின் முக்கியப் பகுதி. 2007இல் கியோத்தோவில் ஒரு கொலை நடந்த பிறகு, ஜப்பானில் சில நிலையங்கள் அதன் இரண்டாம் அனிமே தொடரின் ஒளிபரப்பை நிறுத்திவைத்தன. சிறுவயதுத் தம்பி தங்கையோடு உட்கார்ந்து பார்க்கிற விஷயம் அல்ல இது.

அப்படியிருந்தும் ஏன் மனத்தில் நிற்கிறது?

புதிரைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் அழிவு ஒரே விதமாகத்தான் தொடங்குகிறது. யாரோ ஒருவர் பயத்தையோ சந்தேகத்தையோ வேதனையையோ யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே பூட்டிவைக்கிறார். 'சொன்னால் நம்ப மாட்டார்கள்' என்று அவரே முடிவு செய்துவிடுகிறார்.

பின்பகுதிகளில், வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் ஒரு சிறுமியைக் காப்பாற்ற நண்பர்கள் சிறார் நல அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஒருமுறை போனால் நடக்கவில்லை. அதிகமான பேரைச் சேர்த்துக்கொண்டு மறுபடி போகிறார்கள். மறுபடியும் போகிறார்கள். அலுவலகத்தின் தயக்கம், முறையீடு, ஊர்ப் பெரியவர்களைச் சம்மதிக்கவைப்பது எல்லாம் அவ்வளவு நுணுக்கமாக வரும். எழுதியவர் அரசாங்க ஊழியராக இருந்தவர் என்பது அங்கே உங்களுக்கு நினைவுக்கு வரலாம்.

பேய்க் கதை என்று நம்பிப் படிக்க ஆரம்பிப்பீர்கள். முடிக்கும்போது, கொஞ்ச நாளாக மெசேஜ் அனுப்பாத ஒரு நண்பரின் முகம் மனத்தில் வந்தால் ஆச்சரியமில்லை.

எங்கே தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் மங்காகேமர் நிறுவனம் வெளியிட்டது. 2015 முதல் ஸ்டீமில் பகுதி பகுதியாக வந்து, 2020இல் எட்டும் நிறைவடைந்தன. புதிய ஓவியமும் உண்டு, பழைய ஓவியமும் உண்டு. எது வேண்டுமோ மாற்றிக்கொள்ளலாம்.

முதல் சில மணி நேரம் மெதுவாகத்தான் போகும். பிள்ளைகள் விளையாடுவதையும் சிரிப்பதையும் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காது. பொறுமையாகப் படியுங்கள். அந்தச் சிரிப்பு பழகினால்தான், அது நின்றுபோகும்போது உங்களுக்கு வலிக்கும்.