காளானின் காப்புப் பொருள்

சென்னைக்குத் தென்மேற்கே உள்ள மணிமங்கலம் பழம்பெரும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புறங்கண்ட களங்களுள் இதுவும் ஒன்று. இன்று இவ்வூரின் ஏரிக்கும் வயல்களுக்கும் அப்பால், ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் மோட்டார் வண்டி செய்யும் ஆலைகள் எழுந்துள்ளன. அங்கே தகடுகளுக்கு வண்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று. பூசாவிடின் ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் துருவாக்கிவிடும்.

இதனையொத்த செயல் உடலினுள்ளும் நிகழ்கின்றது. உயிரணுக்கள் ஆக்சிஜனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றல் பெறுங்கால், எலக்ட்ரான் குறைபட்ட சில மூலக்கூறுகள் தோன்றுகின்றன. அவை அண்டையிலுள்ள கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் எலக்ட்ரானைப் பறிக்கின்றன; பறிகொடுத்தது மற்றொன்றினிடம் பறிக்க முயல்கின்றது. தன் எலக்ட்ரானை ஈந்து இத்தொடரை நிறுத்தும் பொருளே ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் எனப்படும்.

காளான்களில் இத்தகைய பொருள்கள் பல உள. அவற்றுள் சிறந்தது எர்கோதயோனின். 1909இல் பிரெஞ்சு அறிஞர் சார்லஸ் தான்ரே, தானியக் கதிரைப் பற்றும் எர்காட் என்னும் பூஞ்சையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். பூஞ்சைகளும் சில பாக்டீரியாக்களுமே இதனை ஆக்க வல்லன. மனித உடலால் இயலாது. எனினும், இதனை உயிரணுவினுள் சேர்ப்பிக்கும் புரதம் ஒன்று மனித உடலில் இருப்பதை 2005இல் ஜெர்மானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். தான் ஆக்காத பொருளுக்கு உடல் வாயில் அமைத்து வைத்திருப்பது வியப்பன்றோ! சமைக்கும் வெப்பத்தில் இப்பொருள் எளிதில் அழிவதில்லை. நீரில் கரையுமாதலின், வேகவைத்த நீரைக் கொட்டிவிடலாகாது.

மழைக்குப்பின் கறையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் சுவை மிக்கது. கறையானோடு கூடி வாழும் இயல்பினதாகலின், அதனைக் கொட்டகையில் பயிரிடுதல் அரிது. ஆனால் அதே மழையில் புல்வெளியில் வெண்குடை விரிக்கும் நச்சுக்காளானும் உண்டு. முதிர்ந்த பின்னரே அதன் அடிமடிப்புகள் பசுமை பெறும். இளமையில் நல்ல காளானைப் போலவே தோன்றும். உண்டோர் கடும் வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புறுவர். வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்னும் நம்பிக்கைகள் உயிரைக் காவா. மேலும், காளான் இனங்கள் பல மண்ணிலுள்ள காட்மியம் முதலிய உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்ப்பன. ஆகவே ஆலைக்கழிவு படிந்த நிலத்துக் காளான், நல்லினமாயினும் உணவுக்கு ஏற்றதன்று.

எர்கோதயோனினுக்காகக் காட்டுக் காளானைத் தேடியலைய வேண்டுவதில்லை. கொட்டகையில் வளரும் சிப்பிக்காளானில் அது மொட்டுக்காளானைவிட மிகுதியாக உண்டு. வெப்பம் மிக்க சமவெளிக்கோ பால்காளான் ஏற்றது. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏபிகே 2 என்னும் பால்காளான் வகையை வெளியிட்டது. வைக்கோலை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் உலர்த்திப் பையில் அடுக்கடுக்காக நிரப்பி, இடையிடையே காளான் வித்து இடுவர். வெண்ணிழைகள் பரவியதும் பையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண் பரப்பி நீர் தெளிப்பர். 30 முதல் 35 பாகை வெப்பத்தில் மொட்டுகள் எழும். மணிமங்கலத்தில் நெல் அறுத்தபின் எஞ்சும் வைக்கோலும் இதற்குப் போதும்.