காலதரும் கணினியும்

சாளரத்திற்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொற்களுள் 'காலதர்' என்பது ஒன்று. கால் எனினும் காற்று எனினும் ஒக்கும். அதர் என்பது வழி. ஒளியை நோக்காது காற்றையே நோக்கி இப்பெயரிட்டனர் நம் முன்னோர். அக்காற்று எவ்வளவு வரும் என்பதைக் கட்டடம் எழும்புமுன்னரே கணினியிற் கணித்தறியும் முறை ஒன்று இக்காலத்து உண்டு. இன்னும் கட்டப்படாத மாளிகையைக் கணினியுள் எண்களாக எழுப்பி, ஓராண்டின் 8,760 மணி நேரமும் அதனுள் வெப்பம் எங்ஙனம் ஏறியிறங்கும், மின்சாரம் எவ்வளவு செலவாகும் என்று காண்பது அது. அதனுட் காற்றோட்டத்திற்குரிய பகுதியை மட்டும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இத்துறை மென்பொருள்களுட் பெரிதும் வழங்குவது எனர்ஜிபிளஸ். பிளாஸ்ட், டி.ஓ.இ.-2 என்னும் முந்தைய இரண்டின் வழித்தோன்றலாய், அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது, விலையின்றிக் கிடைப்பது. கட்டடத்தை இது பல மண்டலங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் வெப்பத்தின் வரவுசெலவு எழுதுகின்றது. சுவர் வழி வருவது, கதிரவனால் வருவது, மாந்தர் உடலினின்று வருவது என்னும் வரிகளோடு, வெளிக்காற்றால் வருவதும் ஒரு வரி.

அவ்வரி சிறிதன்று. 80 சதுர மீட்டர் பரப்பும் 3.5 மீட்டர் உயரமும் உள்ள விரிவுரைக்கூடம் ஒன்றில் 60 மாணவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஆஷ்ரே என்னும் பொறியியற் சங்கத்தாரின் 62.1 என்ற விதி, அதன் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, இத்தகைய கூடத்திற்கு ஆளொருவருக்கு நொடிக்கு 3.8 லிட்டரும், தரையிற் சதுர மீட்டர் ஒன்றுக்கு 0.3 லிட்டரும் வெளிக்காற்று வேண்டும் என்கின்றது. கூட்டினால் நொடிக்கு 252 லிட்டர். அஃதாவது கூடத்தின் காற்று முழுவதும் மணிக்கு ஏறத்தாழ 3.2 முறை மாறவேண்டும். வெளியே 35 டிகிரியும் உள்ளே 26 டிகிரியும் ஆயின், இக்காற்றைக் குளிர்விக்க மட்டும் சற்றேறக்குறைய 2,700 வாட்டு வெப்பத்தை நீக்கவேண்டும். அதிலுள்ள ஈரத்தை நீக்குவது வேறு; கடற்கரை ஊர்களில் அது இதனையும் விஞ்சும். காற்றைக் குறைத்தால் மின்சாரம் மிஞ்சும். ஆனால் ஒருவர் விட்ட மூச்சை மற்றொருவர் இழுக்க நேரும். அதனால் விளையும் இடர் யாதென்பதை 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய கொரோனாப் பெருந்தொற்று யாவர்க்கும் காட்டிற்று.

விசிறிகொண்டு குழாய்வழிக் காற்றைச் செலுத்தும் கட்டடத்தில் இக்கணக்கு எளிது. விசிறி தள்ளும் அளவு முன்னரே தெரியும். சாளரத்தை நம்பிய கட்டடத்திலேதான் சிக்கல் தோன்றுகின்றது. அதற்கு எனர்ஜிபிளஸில் இரு வழிகள் உள.

முதல் வழியிற் காற்றின் அளவைப் பயன்படுத்துவோரே எழுதிக் கொடுக்கின்றனர். அவ்வளவைப் பெருக்குதற்கு நான்கு கெழுக்கள் உண்டு. ஒன்று மாறாதது, ஒன்று உள்வெளி வெப்ப வேற்றுமைக்குரியது, ஏனைய இரண்டும் காற்றின் வேகத்திற்குரியன. யாரும் மாற்றாதவிடத்து முதலாவது 1 எனவும் மற்றவை சுழி எனவும் நிற்கும். ஆகவே வெளியே புயல் வீசினும் இலை அசையாதிருப்பினும் உள்ளே வருங்காற்று ஒன்றே! இங்ஙனம் கணித்துவிட்டு, 'இக்கட்டடத்திற் காற்றோட்டம் நன்று' என்று அறிக்கை எழுதுவது, தாம் சொல்லிக்கொடுத்த விடையையே மாணவன் ஒப்பிக்கக் கேட்டு அவன் அறிவை வியக்கும் ஆசிரியரது செயலை ஒக்கும். பூர்வாங்க மதிப்பீட்டிற்கு இவ்வழி போதும்; சாளரம் எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்தற்கு இதனைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது என்பதே எம் கருத்து.

இரண்டாம் வழி காற்றோட்ட வலை எனப்படுவது. இதில் அறைகளும் வெளிப்புறச் சுவர்முகங்களும் முடிச்சுகள். சாளரம், கதவு, சுவரின் வெடிப்பு ஆகியன முடிச்சுகளை இணைக்கும் இழைகள். அழுத்தம் மிக்கவிடத்திலிருந்து குறைந்தவிடத்திற்குக் காற்று பாயும். ஓர் அறையுட் புகுவதும் வெளியேறுவதும் எடையில் ஒத்திருக்குமாறு ஒவ்வோர் அறையின் அழுத்தத்தையும் கணினி தேடிக் கண்டுபிடிக்கின்றது. அழுத்த வேற்றுமைக்குக் காரணம் இரண்டு: வீசுங்காற்று சுவரில் மோதுதலும், சூடேறிய காற்று மேலெழுதலும். வெப்ப நாடுகளில் இரண்டாவது மிக மெலிந்தது. 3 மீட்டர் உயர வேற்றுமையும் 3 டிகிரி வெப்ப வேற்றுமையும் தருவது ஏறத்தாழ 0.35 பாஸ்கலே. நொடிக்கு 3 மீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்றோ 5.4 பாஸ்கல் வலிமையுடையது. அதில் ஒரு பகுதியே சுவரிற் பதியுமெனினும் முன்னதனிற் பெரிது.

காற்றின் வேகத்திற் பிழைப்பின் யாவும் பிழையாம் என்பது இதனாற் பெறப்படும். வானிலைக் குறிப்பேடுகள் பெரும்பாலும் விமான நிலையத்தின் வெட்டவெளியில், 10 மீட்டர் உயரத்தில் அளந்தவை. அங்கே நொடிக்கு 4 மீட்டராக வீசுங்காற்று, நெருங்கிய நகரின் நடுவே 5 மீட்டர் உயரத்தில் 1.4 மீட்டராகத் தேய்வதாக எனர்ஜிபிளஸின் சூத்திரம் காட்டும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், அது எட்டிலொரு பங்காகிவிடும். கட்டடம் நிற்பது நகரிலா, வெளியிலா என்று குறிப்பிடும் ஒரே சொல்லில் இவ்வளவும் அடங்கியுள்ளது. மேலும், சுவரிற் பதியும் அழுத்தத்திற்கு மென்பொருள் தானே தருங் கெழுக்கள் தனித்து நிற்கும் செவ்வகப் பெட்டிக்குரியவை. அடுத்த வீட்டையும் முன்தாழ்வாரத்தையும் அவை அறியா. இன்னுமொரு வேடிக்கை: சாளரம் எப்பொழுது திறக்கும் என்று கூறாதுவிடின், அது திறவாது என்றே மென்பொருள் கொள்ளும். படத்திற் பெரிய சாளரங்கள் தோன்றும். கணக்கில் ஆண்டு முழுவதும் அடைத்தே கிடக்கும்.

ஓர் அறையின் காற்று முற்றுங் கலந்தது என்று கொள்வதும் இம்முறையின் எல்லையாகும். கடைசி மூலையில் இருப்பவனுக்குக் காற்று வருமா என்பதனை அறியப் பாய்மவியல் நுண்கணக்கு வேண்டும். அது மிக மெதுவாக நடப்பதாகலின், ஆண்டு முழுவதற்கும் செய்யாது, தேர்ந்த சில வேளைகளுக்கே செய்கின்றனர்.

கட்டி முடித்தபின் கணக்கைச் சரிபார்த்தலும் கூடும். வெளிக்காற்றிற் கரியமிலவாயு பத்து இலட்சத்தில் 420 பங்கு எனக் கொள்வோம். மாணவர் வெளியேறியபொழுது கூடத்தில் 1,620 பங்கு இருந்தது, சாளரங்கள் அவ்வாறே திறந்திருக்க, அரைமணியில் 720 ஆகக் குறைந்ததாயின், மிகுதி 1,200 இலிருந்து 300 ஆயிற்று. நான்கின் இயல்மடக்கை 1.386, அதனை அரைமணியால் வகுக்க, மணிக்கு ஏறத்தாழ 2.8 முறை காற்று மாறுகின்றது எனத் தெரியும். வேண்டுவதோ 3.2. இன்னும் ஒரு காலதரைத் திறந்துவைத்து மீண்டும் அளத்தல் வேண்டும்.