கொம்பில் பொறித்த கோட்டை

கையிலே துவக்கு இருந்தென்ன? மருந்து நனைந்துவிட்டால் அது வெறும் இரும்புத் தடியே. பதினெட்டாம் நூற்றாண்டில் வட அமெரிக்கக் காடுகளிலே மழையிலும் பனியிலும் போர் புரிந்த குடியேற்ற நாட்டு வீரன் இதனை நன்கு அறிவான். ஆகவே அவன் தோளில் எப்பொழுதும் ஒரு மாட்டுக் கொம்பு தொங்கிக்கொண்டிருக்கும். அதுவே அவனது மருந்துக் கொம்பு.

அம்மருந்தின் முக்கால் பங்கு வெடியுப்பு. எஞ்சியவை கரியும் கந்தகமும். ஆங்கிலேயர் பயன்படுத்திய வெடியுப்பிற் பெரும்பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனியார் பீகாரிலும் வங்காளத்திலுமிருந்து கப்பலேற்றியதாகும். எங்கோ ஒரு காட்டில் வெடித்த வெடிக்கு நமது அயல்நாட்டு மண்ணும் உதவியிருக்கிறது!

உலோகக் குப்பி இருக்க, கொம்பை ஏன் நாடினர்? கொம்பினுள் நீர் புகாது, பாரமும் குறைவு, மோதினாலும் தீப்பொறி எழாது. கொம்பை நீரிலிட்டு வேகவைத்தால், உள்ளேயுள்ள எலும்புத் தண்டு தளர்ந்து கழன்றுவிடும். எஞ்சும் ஓடு நமது நகம் எப்பொருளாலாயதோ அதே பொருளாலாயது. சூட்டில் அது சற்றே இளகியிருக்கும்போது அகன்ற வாயில் வட்டமான மரக்கட்டையை இறுக்கி ஆணியடிப்பர். கூர்நுனியைத் துளைத்து அதற்கு ஒரு தக்கை செய்வர். பின்னர் மேற்புறத்தை மெல்லியதாகச் சுரண்டுவர். வெளிர்நிறக் கொம்பாயின் வெளிச்சத்திற் பிடித்தவுடன் உள்ளே எவ்வளவு மருந்து மீதியுண்டு என்பது தெரிந்துவிடும்.

இனித்தான் சித்திர வேலை. கத்தி முனையினாலோ கூரிய ஊசியினாலோ மெல்லக் கீற வேண்டும். கீறும்போது கோடு கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. புகைக்கரியையோ மையையோ தேய்த்துத் துடைத்த பின்னரே கோட்டை தன் கொத்தளங்களுடன் கருமையாய் எழும். கொம்போ இருபுறமும் வளைந்தது. மேலெது, கீழெது என்றில்லாதது. கையில் உருட்டி உருட்டிக் கீறும்போது கத்தி சிறிது வழுக்கினாலும் அழிக்க வழியில்லை; சுரண்டியே போக்க வேண்டும். சுரண்டச் சுரண்ட ஓடு மெலியும். பழங்கொம்புகள் சிலவற்றில் எழுத்துப் பிழைகளும், இடம் போதாமற் கடைசியில் நெருக்கப்பட்ட எழுத்துகளும் அப்படியே கிடக்கின்றன. எனக்கு அவையே அதிகம் பிடிக்கும். பாடசாலையில் நீண்ட காலம் பயிலாத ஒருவன், நாளை உயிரோடிருப்போமோ என்ற ஐயத்துடன், தன் பெயரையும் இடத்தையும் நாளையும் எழுதி வைத்த கை அது.

1754 முதல் 1763 வரை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அங்கே நடந்த யுத்தமே இக்கலையின் பொற்காலம். அரச முத்திரை, கப்பல்கள், கோட்டைகள் ஆகியவற்றுடன் நியூயோர்க்கிலிருந்து ஹட்சன் நதி வழியே அல்பனிக்கும், அப்பாலுள்ள ஏரிகளுக்கும் செல்லும் பாதை முழுவதையும் ஒரே கொம்பிற் பொறித்தனர். அதனை நம்பி எவரும் வழி நடந்திருப்பாரென்று தோன்றவில்லை. தான் சென்று வந்த இடத்தை வீட்டாருக்குக் காட்டவே அது உதவியிருக்கும். 1775இல் பொஸ்ரன் நகரை முற்றுகையிட்ட வீரரும் அந்நகரைத் தங்கள் கொம்புகளில் வரைந்தனர்.

பின்னாளில் ரூபஸ் கிரைடர் என்னும் ஓவிய ஆசிரியர் நியூயோர்க் மாநிலத்தில் இத்தகைய கொம்புகளைத் தேடித் தேடி, வளைந்த சித்திரங்களைத் தாளிலே விரித்து வரைந்து வைத்தார். அவர் வரைந்தவை நூற்றுக்கணக்கானவை. இன்றும் அமெரிக்காவிற் பொழுதுபோக்காகக் கொம்பு செதுக்குவோர் பழைய போர்க்களங்களையே விரும்பிப் பொறிக்கின்றனர்.

அவர்கள் குருவெனப் போற்றத்தக்கவருள் ஒருவர் ஜோன் புஷ். மசாசுசெற்ஸ் பகுதியிலுள்ள ஷ்ரூஸ்பரி என்ற ஊரைச் சேர்ந்தவர், ஆபிரிக்க வம்சத்தவர், அடிமையல்லர். அக்காலத்தில் அவ்வினத்தவருட் பெரும்பாலோர் பிறரின் உடைமையாயிருந்த நாட்டிலே, சுதந்திர மனிதராகப் படையிற் சேர்ந்தவர். 1755இல் ஜோர்ஜ் ஏரியின் தென்கரையில் வில்லியம் ஹென்றி கோட்டை எழும்பிக்கொண்டிருந்தபோது, உடனிருந்தோருக்கு அவர் கொம்புகள் பொறித்துக் கொடுத்தார். அவருடைய அழகிய எழுத்துகளைப் பார்த்துப் பிறரும் அவ்வாறே செதுக்கத் தொடங்கினர். இன்று ஆய்வாளர் அதனை ஜோர்ஜ் ஏரி மரபு என்கின்றனர்.

1757 ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி மொன்கால்ம் கோட்டையை முற்றுகையிட்டார். ஆகஸ்ட் 9ஆம் திகதி கோட்டை சரணடைந்தது, பின் தீக்கிரையாயிற்று. புஷ் சிறைப்பட்டார். ஊருக்கு அவர் மீளவில்லை. அவர் செதுக்கிய கொம்புகள் மட்டும் வீடு திரும்பி, இப்பொழுது நூதனசாலைகளில் இருக்கின்றன. அவற்றிலே பெரிதாக, கறுப்பாக, தெளிவாக நிற்பவை அவற்றைச் சுமந்தோரின் பெயர்கள்.